பரீட்சகர் இருவர் முரண்படின்

தமிழ்மக்களுக்குப் பரீட்சை என்பது புதிய வழக்கமன்று. நூல் செய்தோன் அதனை அவையிலே அரங்கேற்றிக் கற்றோர் எழுப்பும் வினாக்களுக்கு விடையிறுத்த பின்னரே அந்நூல் நூலெனக் கொள்ளப்பட்டது. அவ்வகைப் பரீட்சைகளைப் பற்றிய கதைகளுள் ஒன்று இறையனார் அகப்பொருள் உரையின் தொடக்கத்திலே கூறப்படுகின்றது. அந்நூலின் 60 சூத்திரங்களுக்கும் சங்கப் புலவர் 49 பேரும் தனித்தனி உரை கண்டனர். தத்தம் உரையே மெய்யுரை என ஒவ்வொருவரும் வாதிட்டமையால், நடுநின்று தீர்ப்புக் கூறவல்ல ஒருவரைத் தருமாறு பாண்டியனை வேண்டினர். அத்தகைய நடுவனைக் 'காரணிகன்' என்று வழங்குதல் அக்கால மரபு. ஈற்றிலே காரணிகனாக அமர்த்தப்பட்டவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து பிராயத்து ஊமைச் சிறுவன். புலவர் பலர் உரைத்தபோது அவன் வாளாவிருந்தான். மருதனிளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களிற் கண் கலங்கினான். நக்கீரர் உரைத்தபோதோ சொல்லுக்குச் சொல் உருகி அழுதான். அதுவே தீர்ப்பாயிற்று.

இக்கதையைச் சரித்திரமாகக் கொள்வோரும் உளர், கொள்ளாதோரும் உளர். எவ்வாறாயினும், கற்றவர் பலர் கூடுமிடத்தில் ஒரு பொருளுக்குப் பல உரை எழுதல் இயல்பு என்பதை அது எமக்குக் காட்டுகின்றது. அப்புலவர்க்கு வாய்த்த நற்பேறு, அவர்கள் அனைவருக்குங் காரணிகன் ஒருவனாக அமைந்தமையே. இக்காலத்துப் பரீட்சார்த்திக்கு அப்பேறு இல்லை. அவர் செய்வது ஓர் உரை. அதனை மதிப்பிட வரும் காரணிகரோ பலர். ஒருவர் "இவ்வாறு செய்க" என்று கூறிச் செல்வார், அடுத்து வருபவர் "இவ்வாறு செய்தது ஏன்?" என்று கடிந்துகொள்வார்.

எமது பழைய மாணவருள் ஆசிரியர், மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் எனப் பல துறையினரும் உளர். தொழிற்றகைமை பெறும்பொருட்டு ஆயத்தஞ் செய்யும் இளையோர் எம்மிடம் அடிக்கடி கூறும் முறைப்பாடு இதுவேயாகும். ஆகவே, இம்மலரிலே அதனைப் பற்றிச் சிறிது ஆராயலாமென எண்ணுகின்றோம். எடுத்துக்காட்டாக ஆசிரியப் பயிற்சியைக் கொள்கின்றோம். நாம் பல்லாண்டுகள் பாடசாலையில் வழிகாட்டி ஆசிரியராகவும், சிற்சில வேளைகளில் மதிப்பீட்டாளராகவும் இருந்தவர். ஆதலின் அத்துறையிலேதான் இரு பக்கத்தையும் அறிவோம்.

கட்டுறுபயில்வு என்னும் பரீட்சை

வவுனியாவில் அமைந்துள்ள தேசிய கல்வியியற் கல்லூரியை வன்னிவாழ் மக்கள் நன்கறிவர். 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கக் கல்வியியற் கல்லூரிகள் சட்டத்தின்கீழ் இயங்கும் இத்தகைய கல்லூரிகளிலே, ஆசிரிய மாணவர் இரண்டாண்டுகள் விடுதியிற் தங்கிக் கற்று, மூன்றாம் ஆண்டினைப் பாடசாலையொன்றிற் கட்டுறுபயில்வாகக் கழிப்பர். அவ்வாண்டில் அவர் ஒருவகையில் ஆசிரியர். மற்றொரு வகையிற் பரீட்சார்த்தி. கல்லூரி விரிவுரையாளர் வருவர். பாடசாலை அதிபர் பார்ப்பார். வழிகாட்டி ஆசிரியர் உடனிருப்பார். வலயத்து ஆசிரிய ஆலோசகரும் ஒருநாள் வகுப்பறை வாயிலிலே தோன்றக்கூடும். அனைவரும் அறிவுரை கூறுவர். பெறவிருக்கும் டிப்ளோமாவும் அதன்வழி வரும் நியமனமும் இவ்வாண்டின் மதிப்பீட்டையுந் தழுவியே அமைவதால், எந்த அறிவுரையையும் புறக்கணிக்க அவருக்குத் துணிவு வராது.

வன்னியிலே இதற்கு மேலுமொரு பாரம் உண்டு. 2008 ஆம், 2009 ஆம் ஆண்டுகளிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பாடசாலைகள் மக்களோடு மக்களாக இடம்பெயர்ந்தன. போர் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 ஆம் ஆண்டிலேதான் மூடப்பட்டது. அக்காலத்திற் பள்ளிப் பருவத்தினராய் இருந்தோர் பலர் இன்று பெற்றோராயினர். தம் கல்வி இடையறுந்த பெற்றோர், பிள்ளையின் கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்து வீட்டிலே விளக்குவதற்கு இடர்ப்படுவர். ஆதலின், துணுக்காய்ப் பக்கத்திலோ ஒட்டுசுட்டான் பக்கத்திலோ உள்ள ஒரு சிறு பாடசாலையில், 40 நிமிடப் பாடம் ஒன்று பயனின்றிக் கழியுமாயின், அந்நட்டத்தை வேறிடத்தில் ஈடுசெய்தல் எளிதன்று. மதிப்பீட்டாளரின் முரண்பாட்டால் ஆசிரிய மாணவர் தடுமாறும்போது உடன் தடுமாறுவோர் அப்பிள்ளைகளே என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும்.

ஒரு பாடமும் மூன்று மதிப்பீட்டாளரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாம் வழிகாட்டிய ஆசிரிய மாணவி ஒருவர் நான்காந் தரத்திற்குப் பின்னம் கற்பித்தார். வகுப்பிலே 22 பிள்ளைகள். அரை, கால், முக்கால் என்பனவற்றை அறிவித்தல் பாடத்தின் நோக்கம். நான்கு குவளை நீர் கொள்ளும் ஒரு போத்தலை மேசையில் வைத்து, அவர் தாமே நீரை ஊற்றிக்காட்டி விளக்கினார். முதல் மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டு, "நீர் மிகுதியாகப் பேசுகின்றீர், பிள்ளைகள் தம் கையால் அளந்து காணவேண்டும், குழுக்களாகப் பிரித்து வேலை கொடும்" என்றார்.

மாணவி அவ்வாறே செய்தார். இரு வாரங்களின் பின் வந்த இரண்டாம் மதிப்பீட்டாளர், வகுப்பறைத் தரையெங்கும் நீர் சிந்தியிருப்பதையும் பிள்ளைகள் இரைவதையும் கண்டார். "குழுவேலை என்ற பெயரிற் காலம் வீணாயிற்று, கரும்பலகையிலே முதலில் தெளிவாக விளக்கி, பின்னர் பயிற்சி கொடும்" என்று கூறிச் சென்றார்.

மூன்றாம் முறை, எவர் வருவார் என்பது தெரியாமையால், மாணவி இருவரையுந் திருப்திப்படுத்த முயன்றார். பத்து நிமிடம் குழுவேலை. அது முடியுமுன்னரே நிறுத்திவிட்டுக் கரும்பலகை. அதுவும் முடியுமுன்னரே பயிற்சி. கண் பிள்ளைகளை நோக்காது வாயிலையே நோக்கியது. வந்தவரோ முன்னைய இருவருமல்லாத மூன்றாமவர். "குழுவேலையை ஏன் இடையில் நிறுத்தினீர்?" என்று அவர் வினவியபோது, "முன்பு வந்த சேர் அப்படிச் சொன்னவர்" என்பதே மாணவியின் விடையாயிற்று. அம்மதிப்பீட்டாளர் தம் குறிப்பிலே, "செய்வதற்குரிய காரணத்தை ஆசிரியர் தாமே அறிந்திலர்" என்று எழுதினார். ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு எமக்குக் கிட்டியதில்லை.

அன்று பிற்பகல் அவர் எம்மிடம் வந்து, "சேர், இவையளில் ஆர் சொன்னது சரி?" என்று கேட்டார். "பிள்ளை, முதலிற் குறிப்புப் புத்தகத்தைத் தாரும்" என்று கூறி, இருவர் எழுதிய குறிப்புகளையும் ஆறுதலாக வாசித்தோம். முதல்வர் தம் அறிவுரைக்கு முன்னே ஒரு வரி எழுதியிருந்தார்: பின்வரிசைப் பிள்ளைகள் விடைகூற வாய்ப்புப் பெறவில்லை என்பது அதன் கருத்து. இரண்டாமவரும் தம் அறிவுரைக்கு முன்னே ஒரு வரி எழுதியிருந்தார்: ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளையே அளந்தது, ஏனையோர் பார்த்திருந்தனர் என்பது அதன் கருத்து. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது இருவருங் கண்ட குறை ஒன்றே என்பது தெளிவாயிற்று. பாடம் முடிந்த பின்னும், எந்தப் பிள்ளைக்கு விளங்கியது, எந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை என்பதை ஆசிரியர் அறியவில்லை. அவர்கள் முரண்பட்டது அதற்குக் கூறிய மருந்திலேதான்.

முரண்பாடு எங்கிருந்து வருகின்றது?

மதிப்பீட்டாளர் முரண்படுவதைக் கண்டவுடன், ஒருவர் அறியாதவர், அல்லது ஒருவர் எம்மீது வெறுப்புடையவர் என்று முடிவுசெய்தல் இளமையின் இயல்பு. பெரும்பாலும் உண்மை அதுவன்று. முரண்பாட்டுக்குக் காரணங்கள் சில உள.

முதலாவது, அவரவர் கற்ற காலம். செருமானிய அறிஞர் ஹேர்பார்ட்டும் அவர் வழிவந்தோரும் வகுத்த படிமுறைகள் நெடுங்காலம் ஆசிரிய கலாசாலைகளிலே பாடக்குறிப்பின் எலும்புக்கூடாக விளங்கின. ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பிரயோகம் என்பன அவை. ஆசிரியரின் தெளிவான விளக்கம் அவற்றின் நடுநாயகம். 1963 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே நுண்கற்பித்தல் என்னும் முறை தோன்றி, வினாவுதல், தூண்டுதல், முடித்தல் ஆகிய திறன்களைத் தனித்தனியே பயிலச் செய்தது. எமது நாட்டில் 1999 ஆம் ஆண்டு நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என மூவகைக் கற்றலை வகுத்தது. முதலிரு தரங்களில் விளையாட்டுக்கும், ஐந்தாந் தரத்தில் எழுத்துவேலைக்கும் முதன்மை அளித்து, மூன்றாம் நான்காந் தரங்களில் மூன்றனையுஞ் சமமாகக் கொள்ளுமாறு அது கூறிற்று. 2007 ஆம் ஆண்டுச் சீர்திருத்தமோ இடைநிலை வகுப்புகளுக்கு ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்னும் ஐந்து கட்டங்களைக் கொணர்ந்தது. இந்த ஐந்திலே பிள்ளை கண்டறிவது முன். ஆசிரியர் விளக்குவது பின். பழைய ஐந்திலே எடுத்துரைத்தல் முன், பிரயோகம் பின். எந்தக் காலத்திற் கற்றாரோ அந்தக் காலத்தின் ஒழுங்கையே ஒருவர் தம்மை அறியாது எதிர்பார்ப்பார். மேற்கூறிய நான்காந் தரப் பாடத்திலே ஒருவர் செயற்பாட்டையும் மற்றவர் எழுத்துவேலையையும் வற்புறுத்தினர். அத்தரத்திற்கு இரண்டும் சமமாக வேண்டியவை.

இரண்டாவது, அவரவர் கண்ட பாடம். முதலாமவர் கண்டது பேச்சு மிகுந்த பாடம். இரண்டாமவர் கண்டது இரைச்சல் மிகுந்த பாடம். காய்ச்சற்காரனுக்கு ஒரு மருந்தும் குளிர்கண்டவனுக்கு வேறு மருந்தும் கொடுத்த வைத்தியர் இருவர் முரண்பட்டார் என்று கூறல் பொருந்துமா? வேறு வேறு நாளில் வேறு வேறு குறைக்குக் கூறிய அறிவுரைகளை என்றைக்கும் உரிய விதிகளாகக் கொண்டமையே மாணவியின் தடுமாற்றத்துக்கு ஒரு காரணம்.

மூன்றாவது, மனித மதிப்பீட்டின் இயல்பு. 1888 ஆம் ஆண்டிலேயே எட்ஜ்வொர்த் என்னும் பொருளியலறிஞர், ஒரே விடைத்தாளுக்குப் பரீட்சகர் வழங்கும் புள்ளிகள் வேறுபடுவதை, வானநூலார் தம் அளவைகளில் நேரும் வழுவைக் கணிப்பதுபோலக் கணித்தற்கு வழிகாட்டினார். 1912 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்ராச், எலியற் என்னும் இருவர் ஆங்கிலப் பாட விடைத்தாள்களைப் பல பாடசாலைகளின் ஆசிரியருக்கு அனுப்பித் திருத்துவித்தபோது புள்ளிகள் பெரிதும் வேறுபட்டன. மொழிப் பாடமாதலின் அவ்வாறு நேர்ந்தது, கணிதத்தில் நேராது என்று சிலர் கூறினர். அடுத்த ஆண்டு கேத்திரகணித விடைத்தாளொன்றை அனுப்பியபோது வேறுபாடு குறையவில்லை, கூடிற்று. 1920 ஆம் ஆண்டில் தோர்ன்டைக் என்னும் உளவியலறிஞர் வேறொன்றைக் காட்டினார். ஒருவரிடத்து ஒரு நற்பண்பைக் கண்டவர், அவருடைய ஏனைய பண்புகளையும் உயர்த்தியே மதிப்பிடுவர் என்பது அது. அழகான கையெழுத்துள்ள பாடக்குறிப்பு, பாடத்துக்கும் புள்ளி பெற்றுக்கொடுத்துவிடலாம்.

இவை யாவற்றினும் எம்மைச் சிந்திக்கவைப்பது 1935 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஹார்ட்டொக், ரோட்ஸ் என்போர் வெளியிட்ட ஆய்வு. சரித்திர பாடத்தில் ஒரே புள்ளி பெற்றிருந்த 15 விடைத்தாள்களைத் தேர்ந்த பரீட்சகரிடம் கொடுத்துத் திருத்துவித்தனர். ஓராண்டுக்கு மேற்பட்ட காலங் கழித்து, அவர்களுள் 14 பேரிடம் அதே தாள்களை மீண்டுங் கொடுத்தனர். சித்தி, சித்தியின்மை, திறமைச்சித்தி என அவர்கள் வழங்கிய 210 தீர்ப்புகளுள் 92, அதே பரீட்சகர் முன்னர் வழங்கிய தீர்ப்பினின்றும் மாறியிருந்தன. பரீட்சகர் பிறரோடு மட்டுமன்றித் தம்மோடு தாமே முரண்படுவர் என்பது இதனாற் பெறப்படும்.

எமது கையெழுத்திலேயே

இதனை நூலிற் கற்றதினும் அம்மாணவியிடமே நாம் நன்றாகக் கற்றோம். இரு மதிப்பீட்டாளரின் குறிப்புகளையும் நாம் ஒப்பிட்டுக்காட்டிய பின்னர், அவர் சற்றுத் தயங்கி, புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டி இரண்டு குறிப்புகளைக் காட்டினார். ஒன்றிலே, "பாடத் தலைப்பை முதலிலேயே கரும்பலகையில் எழுதுக, பிள்ளைகள் எதைக் கற்கின்றோம் என அறிதல் நன்று" என்றிருந்தது. ஐந்து வாரங்களின் பின் எழுதப்பட்ட மற்றதிலே, "தலைப்பை முதலில் எழுதற்க, பிள்ளைகளின் வாயிலிருந்தே அது வெளிவரல் வேண்டும்" என்றிருந்தது. இரண்டும் எமது கையெழுத்து. இரண்டின் கீழும் எமது ஒப்பம்.

நாணத்தோடு எண்ணிப் பார்த்தோம். முதற் பாடத்திலே பிள்ளைகள் எதைப்பற்றிப் பேசுகின்றோம் என்றறியாது திகைத்திருந்தனர். ஆகவே தலைப்பை எழுதுமாறு கூறினோம். இரண்டாம் பாடத்திலோ தாமே ஊகித்தறியும் இன்பத்தைத் தலைப்புக் கெடுத்துவிட்டது; ஆகவே எழுதவேண்டா என்றோம். இரண்டுக்குங் காரணம் இருந்தது. ஆனால், காரணத்தை நாம் எழுதவில்லை. மருந்தை மட்டும் எழுதினோம். அவரோ ஐந்து வாரங்களாக எம்மிடங் கேட்கவும் அஞ்சி, ஒருநாள் எழுதியும் ஒருநாள் எழுதாமலும் காலங் கழித்திருக்கின்றார். அந்தப் பிழை எம்முடையதே.

பரீட்சார்த்தி செய்யத்தக்கவை

இவ்வனுபவத்திலிருந்தும் பின்னர் வழிகாட்டிய பலரின் அனுபவத்திலிருந்தும் நாம் கண்ட வழிமுறைகளை இங்கு தொகுத்துக் கூறுகின்றோம்.

அறிவுரையைக் கேட்டவுடன் அதனை மூன்றாகப் பிரித்து எழுதுதல் வேண்டும். மதிப்பீட்டாளர் கண்டது யாது, அது குறையாவது ஏன், அதற்கு அவர் கூறும் பரிகாரம் யாது என்பன அம்மூன்றும். பலர் மூன்றாவதை மட்டுமே கூறுவர். அப்போது, "சேர், பாடத்தின் எந்த இடத்தில் அது குறையாகத் தெரிந்தது?" என்று பணிவுடன் கேட்டல் பிழையன்று. அது எதிர்வாதமாகாது, கற்க விரும்புவோனின் வினாவாகவே கொள்ளப்படும். நாம் அறிந்தவரையில், இவ்வினாவாற் சினங்கொண்ட மதிப்பீட்டாளர் அரியர்.

அடுத்து, இரு அறிவுரைகள் முரண்படுவனபோலத் தோன்றின், அவை எவ்வகை முரண் என ஆராய்தல் வேண்டும். குறை ஒன்றாய்ப் பரிகாரம் இரண்டாயின், அக்குறையைத் தீர்க்கும் வழி எதுவாயினும் இருவரும் ஏற்பர். மூன்றாவது வழியையுந் தேடலாம். குறைகளே வேறாயின் இரு அறிவுரைகளும் தத்தம் இடத்தில் உண்மை. அவ்விடத்தை அறிந்து பயன்படுத்தல் வேண்டும். இவ்விரண்டுமன்றி, ஒரே இடத்தில் ஒரே பொருள் பற்றி ஒருவர் ஆம் எனவும் மற்றவர் அன்று எனவும் கூறுவாராயின், அதுவே மெய்யான முரண். எமது கணிப்பிலே மெய்யான முரண்கள் மிகச் சிலவே.

மெய்யான முரணுக்கு முதற் பிரமாணம் எழுத்திலுள்ள விதி. மதிப்பீட்டுப் படிவத்தின் நியதிகளையும், பாடத்துக்குரிய ஆசிரியர் வழிகாட்டி நூலையும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். தனியொருவரின் விருப்பத்தினும் படிவத்திலுள்ள நியதி வலிது. படிவத்தைப் பரீட்சைக்கு முதல்நாள் மட்டும் வாசிக்கும் ஆசிரிய மாணவர் பலரை நாம் கண்டிருக்கின்றோம். அதனைப் பயில்வின் முதல் வாரத்திலேயே வாசித்தல் நன்று. எழுத்து விதியும் தெளிவற்றதாயின், கல்லூரியிலே அப்பாடத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் எழுத்துமூலம் விளக்கங் கேட்கலாம். அவ்வாறு கேட்கும்போது, "இன்னார் இப்படிச் சொன்னார், இன்னார் அப்படிச் சொன்னார்" என்று பெயர் சுட்டாது, "இவ்விரு முறைகளுள் இத்தரத்துக்கு எது பொருந்தும்?" என்று பொருளையே சுட்டுதல் வேண்டும். பெயரைச் சுட்டினால் வினா வழக்காகிவிடும். வழக்கிலே தோற்பவன் பெரும்பாலும் இளையவனே.

பின்பு, தீர்மானித்ததைக் காரணத்தோடு பாடக்குறிப்பிலே ஒரு வரியாக எழுதுதல் வேண்டும். "இவ்வகுப்பில் எழுத்தறிவு குன்றிய பிள்ளைகள் இருத்தலால் முதலிற் செயற்பாடு, பின் விளக்கம்" என்பது போன்ற ஒரு வரி போதும். மதிப்பீட்டாளர் வேறு கருத்தினராயினும், ஆசிரியர் சிந்தித்தே செய்தார் என்பதை அவ்வரி காட்டும். "அவர் சொன்னார்" என்பது காரணமாகாது. "இப்பிள்ளைகளுக்கு இது வேண்டும்" என்பதே காரணம்.

ஈற்றாக, இறுதி மதிப்பீடு நெருங்கும்போது புதிய அறிவுரைக்காக முறையை மாற்றுதல் கூடாது. நீந்தப் பழகியவன் நடுக்குளத்திலே வேறு நீச்சல் பழகத் தொடங்கின் என்னாகும் என்பதை இரணைமடுவின் கரையிலே வளர்ந்தோருக்கு நாம் கூறவேண்டுவதில்லை. கைவந்த முறையிலே குறையைத் திருத்துக, முறையையே கைவிடற்க.

மதிப்பீட்டாளர் கடமை

இவ்வளவுங் கூறிப் பழியை இளையோர் தலையிற் போட்டுவிடுதல் நீதியன்று. முரண்பாட்டைக் குறைத்தல் மதிப்பீட்டாளருக்கும் அவரை அனுப்பும் நிறுவனத்துக்குமே முதற் கடமை. அது இயலாததுமன்று. மருத்துவக் கல்வியிலே, ஒரு மாணவன் ஒரு நோயாளியையும் ஒரு பரீட்சகரையுஞ் சந்தித்து அவர்களால் மட்டுமே மதிப்பிடப்படும் பழைய முறையின் குறையை உணர்ந்து, ஸ்கொத்லாந்தின் டண்டியிலே ஹார்டன் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் 1975 ஆம் ஆண்டிற் புதிய முறையொன்றை வெளியிட்டனர். மாணவன் பல நிலையங்களுக்கு வரிசையாகச் செல்வான். ஒவ்வொன்றிலும் முன்னரே எழுதப்பட்ட நியதிப் பட்டியலுக்கேற்ப வெவ்வேறு பரீட்சகர் மதிப்பிடுவர். ஒருவரின் விருப்பு வெறுப்பு முழுத் தீர்ப்பையும் ஆளாது. அம்முறை இன்று உலகின் பல நாடுகளிலும் வழக்கிலுள்ளது.

எமது வகுப்பறைகளுக்கு அத்துணை ஏற்பாடு வேண்டுவதில்லை. மதிப்பீட்டாளர் இருவர் ஆண்டின் தொடக்கத்திலே ஒரே பாடத்தை ஒருங்கிருந்து பார்த்து, தனித்தனியே புள்ளியிட்டு, பின் ஒப்பிட்டுப் பேசினாலே பாதி முரண் நீங்கும். புதியவர் முன்னவரின் குறிப்பை வாசித்த பின் தம் குறிப்பை எழுதலாம். "இது விதி", "இது என் ஆலோசனை" எனப் பிரித்துக் கூறலாம். எல்லாவற்றினும் மேலாக, கண்டதை முதலிலும் பரிகாரத்தைப் பின்னரும் எழுதலாம். அம்மாணவியின் புத்தகத்திலே எமது இரு ஒப்பங்களையுங் கண்ட நாள்முதல் நாம் கடைப்பிடிக்கும் நியமம் இதுவே. ஆசிரியத் தொழிலுக்குக் கூறிய இவை, நோயாளியின் கட்டிலருகே நிற்கும் மருத்துவ மாணவருக்கும், பட்டயத் தகைமைக்காக நேர்முகங் காணும் பொறியியலாளருக்கும் சிறு மாற்றங்களோடு பொருந்தும்.

காரணிகன் யார்?

அம்மாணவியின் கதையை முடித்தல் வேண்டும். இருவருங் கண்ட ஒரே குறையைத் தீர்க்கும் வழியை அவர் தாமே கண்டார். பிள்ளைகள் அனைவரும் வீட்டிலிருந்து தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருவர் அன்றோ? ஆகவே குழுவை விடுத்து இருவர் இருவராக அமர்த்தினார். ஒருவர் ஊற்ற மற்றவர் எண்ணுவார், பின் மாறிக்கொள்வர். அதன்பின் கரும்பலகையிலே சுருக்கமான விளக்கம். பாட முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்காக மடித்த ஒரு தாட்டுண்டு. ஆசிரியர் கூறும் பின்னத்தை நிறந்தீட்டி உயர்த்திப் பிடித்தல் வேண்டும்.

இறுதி மதிப்பீட்டுக்கு வந்தோருள் ஒருவர், தாட்டுண்டினை முதலிலும் நீரைப் பின்னரும் வைத்திருக்கலாம் என்றார். முரண்பாடு அன்றும் ஒழியவில்லை. ஆயின் மாணவி கலங்கவில்லை. "நீரை அளந்தால் நான்கும் சமமாக இருக்கவேண்டும் என்பது இவர்களுக்குக் கையாலே விளங்குகின்றது, சேர், தாளை மடிப்பதிற் பலர் சரியாக மடிப்பதில்லை" என்று தம் காரணத்தைக் கூறினார். அவர் அதனைக் குறித்துக்கொண்டார். மாணவி சித்தியெய்தினார், இன்று முல்லைத்தீவு மாவட்டத்திலே ஆசிரியராகக் கடமையாற்றுகின்றார்.

அன்று வகுப்பின் பின்மூலையிலே நாமும் அமர்ந்திருந்தோம். பின்வரிசையிலே, மூன்று பாடங்களிலும் ஒரு சொல்லேனும் பேசாத சிறுவன் ஒருவன் இருந்தான். முக்காலைக் காட்டுக என்று ஆசிரியர் கூறியபோது அவனும் தன் தாளை உயர்த்தினான். அது பிழை, அவன் காலை மட்டுமே தீட்டியிருந்தான். ஆசிரியர் அதனைக் கண்டார். மெல்ல அவனருகே சென்று, போத்தலை அவன் கையிற் கொடுத்து மீண்டும் ஊற்றச் செய்தார். மூன்று மதிப்பீட்டாளரும் வழிகாட்டியாகிய நாமும் பல சொற்களாற் கூறமுயன்றதை, அவன் உயர்த்திய அப்பிழைத் தாள் ஒரு கணத்திலே கூறிவிட்டது. சங்கப் புலவருக்கு வாய்த்ததுபோலவே, பேசாத சிறுவன் ஒருவன் எமது வகுப்பறைகள் யாவற்றிலும் பின்வரிசையிலே இருக்கின்றான். மதிப்பீட்டாளர் எத்துணைப் பேர் எவ்வாறு முரண்படினும், முடிந்த முடிபாக அவன் முகத்தை நோக்குமாறு, ஆசிரியத் தொழிலை நாடிச் செல்லும் எம் கல்லூரி இளையோரை அன்போடு வேண்டுகின்றோம்.